ஓசி நெட்டில் பேசினது

டேய் பண்டு,

நீ செத்துப்போய் நாலு மாசம் முடிந்துவிட்டது. அப்படி எழுதக் கூடாதாம். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "காலமாயிட்டான்னு எழுது, அது என்ன செத்துப்போய்" என்றார். காலமானான் என்று எழுதினால் யாரோ பெரியவரைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதனால் அடித்துத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

நான் உனக்குக் கடிதம் எழுத உட்காரவில்லை. நான் சமைக்கிற அமீர்பேட் லேடீஸ் ஹாஸ்டலில் ஏழாம் நம்பர் ரூமில் பவானி என்று ஒரு ஓசூர்ப் பெண் இருக்கிறாள். அடுத்த வாரம் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். சாயந்திரம் டிபனுக்கு வந்தவள் தட்டை நீட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க தனியாப் போனீங்களே, நடுவுல இறங்கற ஏர்போர்ட்ல நெட் எப்படிக் கெடைச்சுது? எங்கம்மா ரொம்பப் பயப்படறாங்க" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நான் எதற்காகப் போனேன் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி ஆன்ட்டி" என்றாள். "இதுக்கு இன்னாத்துக்கு சாரி, எழுதியே தரேன், உங்கம்மாவும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பூரி வைத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்து, வெளியூரில் ஓசி நெட் கிடைக்கும் இடங்கள் என்று மேலே எழுதினேன். அடுத்த வரியில் டேய் பண்டு என்று வந்துவிட்டது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதானே. உன்னிடம் ஒப்பிக்கிற மாதிரி எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். ஏழாவது வரை படித்தவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பவானி திருத்திக்கொள்வாள்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் நான் அன்று விமானம் ஏறினேன். சொல்லவும் சொன்னேன். அது உனக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. உன் அப்பாவுக்கும் அது என்னவென்று தெரியாது. இந்த நோட்டைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு இந்த ஓசி நெட் பைத்தியம் எப்போது பிடித்தது தெரியுமா? நீ இன்டர் படிக்கும்போது, பவானி ஊரில் பிளஸ் டூ என்பார்களே அது. தார்நாகாவில் நம் சந்து முனையில் ரிட்டயர்டு சயின்டிஸ்ட் வீடு இருந்ததே, அந்த வீட்டம்மாவின் போனை என்னமோ சரி பண்ணிக் கொடுத்தாய் என்று அவர்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார்கள். நம் வீடு வரைக்கும் அது எட்டாது. அவர்கள் காம்பவுண்டுச் சுவரில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வரும். ஒரு நாள் நான் காய்கறிப் பையோடு வரும்போது நீ சுவர்மேல் இருந்தாய். எனக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது. உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கி, நடுத்தெருவில் முதுகில் ஒன்று வைத்தேன். "அடுத்த வீட்டுச் சோத்துக்குத் தட்டைத் தூக்கினு நிக்கற மாதிரி இன்னாடா இது?" என்றேன். அந்தம்மா பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, "எதுக்கம்மா பிள்ளையை அடிக்கறீங்க, நெட் என்ன தேஞ்சா போயிடும்?" என்றார்கள். நீ சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அம்மா, வீடியோ பாதி டவுன்லோட் ஆயிருந்துது, நீ கட் பண்ணிட்டே" என்றாய். அழவில்லை. அடி விழுந்ததே உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அடித்தது தப்பு. இத்தனை வருஷத்தில் நான் அதைச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஜெர்மனிக்குப் போனதும் அந்தப் பழக்கம் உனக்குச் சோறு போட்டது என்றுதான் சொல்ல வேண்டும். போனில் நெட் போட்டுக்கொள்ளச் சொன்னால், "நக்கோமா, லைப்ரரில சும்மாவே கெடைக்குது, கைக்கு வேஸ்ட்?" என்பாய். உன் அப்பா ஒர்க்‌ஷாப்பில் பழகின உருதுவை அப்படியே பேசுவாய், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ். உன் அறையில் ஏதோ கேபிள் தகராறு, நெட் வராது. அதனால் நூலகத்து வாசல்தான் நமக்குப் பேசுகிற இடம். உனக்கு மதியம் என்றால் எனக்குச் சாயந்திரம். உள்ளே பேசக் கூடாது, அதனால் நீ வெளியே வந்து கண்ணாடிக் கதவை ஒட்டி நிற்பாய். பின்னால் சைக்கிள்கள் தெரியும். பனி பெய்தால் உன் தொப்பியில் வெள்ளையாக விழுவது தெரியும். "உள்ளே போடா" என்பேன். "உள்ள போனா பேசக் கூடாதும்மா, தூரப் போனா நெட் வராது. இங்கதான் கரெக்ட்" என்பாய். அந்தக் கதவில் இருந்து நாலு அடி. ரெண்டு வருஷம் அந்த நாலு அடியில் நின்றுதான் என்னோடு பேசினாய்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒரு பொய் பழகிப்போயிருந்தது. நீ கூப்பிடுகிற நேரம் ஹாஸ்டலில் டிபன் நேரம். அறுபது பெண்கள் தட்டோடு நிற்பார்கள். நீ உன் புரொபசர் பேசினது, ரயில் லேட்டானது, கடையில் புளி கிடைத்தது என்று நிதானமாகச் சொல்லுவாய். சில நாள் எனக்குப் பொறுமை இருக்காது. நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஹலோ… ஹலோ… பண்டு, கேக்கலடா… நெட்டு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எனக்கு நன்றாகக் கேட்கும். உனக்கும் சந்தேகம் வராது, ஓசி நெட்தானே, அது அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பாய். ஓசி நெட்டில் பேசுகிற எத்தனை வீட்டில் இந்தப் பொய் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. மூஞ்சி முறியாமல் பேச்சை நிறுத்த இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மாசத்துக்கு மூணு நாலு தரம் சொல்லியிருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நீ கூப்பிட்டு, "அம்மா, காலைலேர்ந்து தலை வெடிக்குதும்மா. கழுத்து அப்படியே புடிச்சிக்கிச்சு, குனிய முடியல. வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுது" என்றாய். அத்தனையும் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தலைகாணி சரியில்லாமல் படுத்திருப்பாய், தைலம் தடவு என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் எந்தத் தைலம், எங்கே வைத்தேன் என்று பேச்சு வளரும். மாவு உருண்டைகள் காய்ந்துவிடும். "ஹலோ… ஹலோ… கேக்கலடா" என்று வைத்துவிட்டேன்.

நீ என்ன செய்தாய் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நூலகத்தில் நெட் சரியில்லை என்று நம்பி, அந்தத் தலைவலியோடு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்திருக்கிறாய். அங்கே நெட் நன்றாக வரும் என்று. முக்கால் மணி நேரம் கழித்து அங்கிருந்து கூப்பிட்டாய். நான் எண்ணெய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன், கை ஈரம், எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாய். "அம்மா, ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். இங்க நெட் சூப்பரா இருக்கு. நீ ஃப்ரீ ஆனதும் கூப்பிடு, கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்." மெட்ரோவில் வரும்போதுதான் கேட்டேன். கூட்டம், உட்கார இடமில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் ஸ்டேஷனில் இருந்தாய் என்று தெரியாது.

வியாழக்கிழமை உன் ரூம்மேட் சுஹாஸ் கூப்பிட்டான். மூளையைச் சுற்றிக் கிருமி என்றான். மயக்கமாக இருக்கிறாய், மெஷின் வைத்திருக்கிறார்கள், நாங்கள் யாராவது உடனே வர வேண்டும் என்றான். அப்புறம், "ஆன்ட்டி, டாக்டர் கேக்கறாங்க, கழுத்து வலி எப்ப ஸ்டார்ட் ஆச்சாம்? உங்ககிட்ட எதாவது சொன்னானா?" என்று கேட்டான். உன் அப்பா பக்கத்தில் நின்று என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லப்பா, ஒன்னும் சொல்லல. அன்னிக்கு நெட்டு சரியில்ல" என்றேன். ரெண்டாவது தடவை அதே பொய். அது டாக்டருக்குப் போனது.

நான் உடனே கிளம்ப முடிந்ததற்குக் காரணமும் நீதான். உன் பட்டமளிப்புக்கு நான் வர வேண்டும் என்று மூணு மாசமாக விசாவுக்கு அலைய வைத்தாய். விசா வந்து, டிக்கெட்டும் போட்டிருந்தது. அதைத்தான் முன்னால் மாற்றினோம். உன் அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனதில் இருந்து முழங்கால் வேறு மடங்காது. "நான் வந்து என்ன பண்ணப் போறேன், நீ போ. ஃபோட்டோ எடுத்துனு வா" என்று பட்டமளிப்புக்குச் சொன்னவர், இப்போது என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தார்.

அந்தப் பயணத்துக்காக நீ அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்கள் பதினொன்று என் போனில் இருந்தன. பவானிக்கு வேண்டியது இதுதான், அதனால் நீ சொன்னபடியே எழுதுகிறேன். விமானம் இறங்கினதும் முதலில் ஃப்ளைட் மோடை எடுக்காமலே வைஃபையை மட்டும் போட வேண்டும். ஒரே மாதிரி பேரில் ரெண்டு மூணு வரும், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கக் கூடாது, அங்கே வேலை செய்கிறவர்களிடம் எது உங்களுடையது என்று கேட்க வேண்டும். டிக்கெட், விலாசம், மேப் எல்லாம் நெட் இருக்கும்போதே போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓசி நெட்டில் பேங்க் சமாச்சாரம் எதையும் திறக்கக் கூடாது. ஊருக்குள் என்றால் நூலகம், ரயில்வே ஸ்டேஷன், பெரிய சூப்பர் மார்க்கெட் வாசல், சில இடத்தில் பஸ்ஸிலேயே வரும். காபிக் கடையில் ஒரு டீ வாங்கினால் போதும், பில்லின் அடியில் பாஸ்வேர்டு இருக்கும், பில்லைக் கசக்கிப் போடக் கூடாது. "ஹோட்டல் லாபிலயும் கெடைக்கும்மா, ஆனா நீ உள்ள போயி சோஃபால உக்காந்து, வெத்தலப் பாக்கு குடுக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டே. அதனால வாணாம்" என்று சிரித்திருக்கிறாய். ஒவ்வொரு இடத்துக்கும் நேரக் கணக்கு உண்டு, முடிந்தால் சொல்லாமல் நின்றுவிடும், முக்கியமானதை முதலில் பேசிவிட வேண்டும். இதையும் நீதான் சொன்னாய். ஆறாவது மெசேஜ்.

என்னைப் பழக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாய். உன் அப்பாவும் வந்தார். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, போனில் நம்பர் போட்டோம், ஓடிபி வந்தது, அதைப் போட்டோம், நெட் வந்தது. உன்னைக் கூப்பிட்டேன். "ஹவ் அம்மா! பாஸ் ஆயிட்டே! இனி ஒலகத்துல எங்க வேணா போலாம் நீ" என்று கத்தினாய். உன் அப்பா, "ரயிலே இல்லாம ஸ்டேஷனுக்கு வந்த மொத ஆளு நாமதான்" என்றார். மூணு பேருக்கும் ஒன்று தோணவில்லை. ஓடிபி வந்தது ஏனென்றால் என் சிம் இந்த ஊர் சிம். எல்லை தாண்டினால் அது செத்துவிடும். வெளிநாட்டுக்கான ரீசார்ஜ் பேக் போடாமல் போனால் மெசேஜ்கூட வராது. உனக்கு அந்த ஊர் சிம் இருந்ததால் நீ மறந்துவிட்டாய். கிளம்பும்போது இருந்த நிலைமையில் வேறு யாரும் நினைக்கவில்லை. பவானி, உன் அம்மாவிடம் சொல், மகள் போனில் முதலில் பார்க்க வேண்டியது இது.

நடுவில் இறங்கின ஊரில் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். அந்த ஏர்போர்ட் முழுக்கக் கண்ணாடி. கிளம்புவதற்கு முன் சுஹாஸ் சொல்லியிருந்தான், "ஆன்ட்டி, மயக்கத்துல இருந்தாலும் காது கேக்கலாம்னு நர்ஸ் சொல்றாங்க. நீங்க நடுவுல நெட் கெடைச்சா கூப்பிடுங்க, அவன் காதுல வெக்கறேன்." எனக்கு ஒன்றுதான் மனசில். உன் காதில் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குக் கேட்டதுடா என்று சொல்ல வேண்டும். நீயாக நெட்டைக் குறை சொல்லிக்கொண்டு போய்விடக் கூடாது. நேரில் போய்ச் சேருகிற வரைக்கும் நீ இருப்பாயா என்று சுஹாஸ் குரலிலேயே சந்தேகம் இருந்தது.

நீ சொன்னபடி வைஃபையைப் போட்டேன். நம்பர் கேட்டது, போட்டேன். ஓடிபி அனுப்பிவிட்டேன் என்றது. வரவில்லை. மறுபடி போட்டேன். ஏழு எட்டு தடவை. ஒரு மணி நேரம் அதிலேயே போனது. சீருடை போட்ட ஒருவரிடம் போனை நீட்டினேன், அவர் இங்கிலீஷில் என்னமோ சொல்லிக் கையைக் காட்டினார், அந்தப் பக்கம் போனால் வாசனைத் திரவியக் கடை. காபிக் கடையில் நின்றேன், அவர்கள் ஊர்க் காசு என்னிடம் இல்லை. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று, "பகவானே, ஏமி சேஸ்தானு நேனு" என்று தெலுங்கில் முணுமுணுத்தேன் போல, நான் என்ன செய்வேன் என்று. நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, தனியாகப் பேசிக்கொள்ளும்போது தெலுங்குதான் வருகிறது. பின்னால் தரை துடைக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள். "ஏமைந்தக்கா?" என்றாள், என்னாச்சு அக்கா என்று.

நிஜாமாபாத் பக்கம், பேர் லச்சவ்வா. தெலுங்கில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ எத்தனை தடவ கெஞ்சினாலும் இது குடுக்காது. அங்க ஒரு மெஷின் நிக்குது பாரு, அதுக்குப் பாஸ்போர்ட்ட காட்டணும். எங்க மாமியார் மாதிரி, போட்டோவும் மூஞ்சியும் ஒத்துப்போனாத்தான் வாயத் தொறக்கும்" என்றாள். மெஷினிடம் கூட்டிக்கொண்டு போய், பாஸ்போர்ட்டை எப்படிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று காட்டினாள். நான் தலைகீழாக வைத்தேன். "அக்கா, உன்னத் தலைகீழா நிக்க வெச்சா நீ பேசுவியா?" என்று திருப்பி வைத்தாள். சீட்டு ஒன்று வந்தது. அதில் எட்டு எழுத்து. என் போனில் அவளே அதைப் போட்டுவிட்டு, "அரை மணி நேரம். ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு சீட்டுத்தான் தரும், பாத்துப் பேசு. யாரு கூட, மகனா?" என்றாள். "ஹவ்" என்றேன். "படிக்கிறானா?" "ஹவ்." "குடுத்து வெச்சவ நீ" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பவானி, அந்த மெஷின் சமாச்சாரம் எல்லா ஊரிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் படம் இருக்கிற பக்கத்தைக் கீழே பார்க்க வைக்க வேண்டும்.

சுஹாஸ் முதல் ரெண்டு தடவை எடுக்கவில்லை. மூணாவது தடவை எடுத்தான். கூப்பிடுகிறேன் இருங்கள் என்று வைத்துவிட்டு, நர்ஸிடம் கேட்டு, கை கழுவி, உள்ளே போக மேல்சட்டை மாட்டிக்கொண்டு அப்புறம் கூப்பிட்டான். "வெச்சுட்டேன் ஆன்ட்டி, தலகாணில, காது பக்கத்துல. பேசுங்க" என்றான். அரை மணி என்றால் பேச ஆரம்பித்ததில் இருந்து அரை மணி என்று நான் நினைத்துக்கொண்டேன். அது எட்டு எழுத்தைப் போட்ட நிமிஷத்தில் இருந்தே ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

உன்னிடம் என்ன பேசினேன் தெரியுமா? "பண்டு, நெட்டு கெடைச்சுருச்சுடா" என்று ஆரம்பித்தேன். ஓடிபி வராததைச் சொன்னேன். மெஷினைச் சொன்னேன், லச்சவ்வா மாமியாரைச் சொன்னேன். விமானத்தில் கொடுத்த உப்புமா களி மாதிரி இருந்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கத்துச் சீட்டுக்காரன் என் தோளில் தூங்கினதைச் சொன்னேன். அப்பா செருப்பைத் துடைத்து வைத்ததைச் சொன்னேன். உன் பேர் எப்படி வந்தது என்றுகூடச் சொன்னேன், நீ பிறந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா உன்னைத் தூக்கி "பண்டுலா உன்னாடு" என்றாள், பழம் மாதிரி இருக்கிறானாம், அதுவே நின்றுவிட்டது என்று. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. முக்கியமானதை முதலில் பேசச் சொன்னாய். நான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். வாய் அந்தப் பக்கம் போகவே இல்லை. அப்புறம் சொன்னேன். "பண்டு, செவ்வாக்கெழம நீ பேசினது எனக்கு நல்லாக் கேட்டுச்சுடா. தல வலிக்குதுன்னே, கழுத்து புடிச்சிக்கிச்சுன்னே. நெட்டு நல்லாத்தான் இருந்துது. நான்தான் பொய் சொன்னேன். உன்ன ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வெச்சது நான்தான்டா" என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன், அதை எழுத வேண்டாம்.

போனை நான் காதில் வைத்துக்கொள்ளவில்லை. வாய்ஸ் மெசேஜ் பேசுகிற மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முந்தானையை மேலே போட்டுக்கொண்டு பேசினேன். மைக்கில் ஏதேதோ ஊர் பேராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேறு நாள் என்றால் கட்டானதும் எனக்குத் தெரியும், உன் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கு நீ பேசவில்லையே. கட்டானதும் மௌனம்தான், கட்டாவதற்கு முன்னும் மௌனம்தான். பேசி முடித்து, "சரிடா, ராத்திரிக்குள்ள வந்துருவேன்" என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. அமுக்கினேன். நெட் இல்லை என்று காட்டியது. மெஷினிடம் ஓடினேன். அதே பாஸ்போர்ட்டுக்கு மறுபடி சீட்டு வரவில்லை. லச்சவ்வாவைக் காணோம். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் அடுத்த விமானத்தில் இருக்கும்போது நீ போய்விட்டாய். இறங்கினதும் சுஹாஸ் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவன் என் பையை வாங்கிக்கொண்டு, முதலில் அந்த ஊர் சிம் ஒன்றைக் கையில் கொடுத்தான். அம்மாவுக்காக வாங்கி வை என்று நீ முன்னாலேயே அவனிடம் சொல்லியிருந்தாயாம்.

அவனிடம் கேட்டேன், நான் பேசினது எதுவரைக்கும் கேட்டது என்று. "தெரியல ஆன்ட்டி. அம்மா பையன் பேசறப்ப நிக்கக் கூடாதுன்னு வெளிய போயிட்டேன். திரும்பி வந்தப்ப போன் ஆஃப் ஆயிருந்துச்சு" என்றான். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். நர்ஸ் உள்ளேதான் இருந்தாளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது. டாக்டரிடம் சுஹாஸை வைத்து உண்மையைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமையே கழுத்து வலி இருந்தது என்று. அவர் எழுதிக்கொண்டார். முன்னால் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

என் போனில் கால் விவரத்தைப் பவானிதான் பார்த்துச் சொன்னாள். பதினாலு நிமிஷம். பதினாலு நிமிஷத்தோடு கட்டாகியிருக்கிறது. நான் அதற்கு மேலும் பேசியிருக்கிறேன், எவ்வளவு என்று தெரியாது. அதனால் தினமும் காலையில் ஹாஸ்டல் சமையல்கட்டில், யாரும் வருவதற்கு முன்னால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குப் பேசினதை முதலில் இருந்து பேசிப் பார்க்கிறேன். ஓடிபி, மெஷின், மாமியார், உப்புமா, தோளில் தூங்கினவன், செருப்பு, பழம். அதே நிதானத்தில். சில நாள் பன்னிரண்டாவது நிமிஷத்தில் செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிடுகிறேன். அப்படியானால் நீ கேட்டிருப்பாய். சில நாள் பதினேழு ஆகிவிடுகிறது. நேற்று சரியாகப் பதினாலில் "எனக்கு நல்லாக்" என்கிற இடத்தில் நின்றது. உப்புமாவைப் பற்றி அன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினேன் என்பதுதான் பிடிபடவில்லை. பவானி ஒரு நாள் சீக்கிரம் எழுந்து வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டாள். டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் அப்பா இப்போது தூங்குகிறார். நோட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போகப் போகிறேன். நான் வேலைக்குப் போன பிறகு படிப்பார். படித்துவிட்டு என்ன சொல்லுவார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோணவில்லை. அவர் என்ன சொன்னாலும் அது அவர் சொல்வதுதான். அந்தத் தலைகாணியில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தவன் நீ ஒருவன்தான்.

எதுவரைக்கும் கேட்டதுடா, பண்டு?